ஹோண்டா சிட்டி விடெக் டர்போ: பானட் வழியா எக்ஸாஸ்ட் விடுறதுக்கு என்னென்ன பார்க்கணும்?

விடெக்2001:

வணக்கம். வண்டி 2001 சிட்டி 1.5 விடெக். டிராக் ரேஸுக்கு (நேர்கோட்டுல ஓட்டுற drag race) மட்டும்தான். ரோட்டுல இறங்காது, ட்ரெய்லர்லதான் போகும் வரும்.

டாப் மவுண்ட் காஸ்ட் மேனிஃபோல்டு, காரெட் ஜிடி2860ஆர்எஸ், 0.64 ஹவுசிங், உள் வேஸ்ட்கேட் (பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தழுத்தம் கூடிடாம வாயுவை டர்பைனைச் சுத்தி விடுற வால்வு), 5 போல்ட் அவுட்லெட். அதைத் திறக்குற ஆக்சுவேட்டர் 0.8 பார். ஸ்டாண்ட்அலோன் இசியூ (இன்ஜினுக்குத் தனி கம்ப்யூட்டர்), பாஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் (எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜன் அளக்குற சென்சார்). இப்போ டவுன்பைப் (டர்போவுல இருந்து இறங்குற எக்ஸாஸ்ட் பைப்) ரேடியேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவுல இறங்கி சம்புக்கு அடியில போகுது. ஃபேன் வைக்க இடமே இல்ல. சம்புக்குக் கீழ பைப் தரையில உரசுது.

அதனால எல்லாத்தையும் கழட்டிட்டு, டர்போவுல இருந்து நேரா மேல, பானட்டுல ஓட்டை போட்டு விடலாம்னு யோசனை. மொத்த பைப் நீளம் 400 மி.மீ.தான் வரும். 2.5 இன்ச் போடவா 3 இன்ச்சா? பானட்டுல ஓட்டை எவ்வளவு பெருசு, எந்த இடத்துல? இவ்வளவு சின்ன பைப்புல வைட்பேண்டை எங்க வைக்கிறது? பூஸ்ட் மேப் மாத்தணுமா? மழை வந்தா என்ன ஆகும்? செஞ்சு பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

ஆர்கான்_பட்டறை:

இந்த வண்டிக்குத் தோதான வேலைதாங்க. இதுல இருக்குற டி சீரிஸ் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் முகம் ரேடியேட்டர் பக்கம் இருக்கு, டர்போவும் பானட்டோட முன்பகுதிக்கு நேர் கீழ உட்காருது. கே20 இன்ஜின் போட்ட வண்டியா இருந்தா எக்ஸாஸ்ட் ஃபயர்வால் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கிற தடுப்பு) பக்கம் வந்திருக்கும். அதுல இதைச் செய்யாதீங்கன்னே சொல்லியிருப்பேன்.

3 இன்ச் போடுங்க. 5 போல்ட் அவுட்லெட்டுக்கு 2.5 போதும்னு சொல்லுவாங்க, நீளமான சைலன்சர் லைனுக்கு அது ஓரளவு சரி. ஆனா 40 செ.மீ. துண்டுக்கு 3 இன்ச் போட்டா எடையோ செலவோ பெருசா ஏறாது, வேஸ்ட்கேட்டுல இருந்து வர்ற காத்துக்கும் இடம் கிடைக்கும். எஸ்.எஸ். 304, 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தடிமன். அவுட்லெட் பக்கவாட்டுல பார்க்குறதால ஒரே ஒரு 90 டிகிரி பெண்டு வரும். மையக்கோட்டு ஆரம் 114 மி.மீ. உள்ள 1.5டி பெண்டுக்கு இடம் இருந்தா அதைப் போடுங்க, இல்லன்னா 76 மி.மீ. உள்ள 1டி. மணல் நிரப்பி வளைச்ச பெண்டு வேண்டாம், உள்பக்கம் சுருங்கிடும்.

ஃப்ளேஞ்ச் 10 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட்டுல வெட்டினா போதும். எம்.எஸ்.ஸோட எஸ்.எஸ். சேர்ற இடத்துல இஆர்309எல் ராடு, பைப்போட பைப் சேர்ற இடத்துல இஆர்308எல். ஆர்கான் வெல்டிங்தான், பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டுக்கிட்டே அடிக்கணும். உள்ள கேஸ் இல்லாம அடிச்சா வெல்டோட மறுபக்கம் கருப்பா சர்க்கரை மாதிரி பொரிஞ்சு நிக்கும், பின்னாடி அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும். வெல்டிங் சூட்டுல ஃப்ளேஞ்ச் வளையும். 20 மி.மீ. பிளேட்டுல அஞ்சு போல்ட்டையும் இறுக்கி வச்சு அடிங்க. ஆறின பிறகு லேத்துல முகத்தை ஒரு தடவை சீவுங்க. இதை விட்டா கேஸ்கட் ஓரத்துல கரிக்கோடு வரும், அந்த லீக் நேரா ரேடியேட்டர் ஹோஸ் மேல அடிக்கும்.

பலபேர் தப்பு விடுற இடம் ஒண்ணு இருக்கு. ஃப்ளேஞ்சுல வேஸ்ட்கேட் ஃபிளாப் திறக்குற பக்கம் உள்ள பள்ளம் வெட்டி விடணும். ரவுண்டு ஓட்டை மட்டும் போட்டா ஃபிளாப் பாதியில ஃப்ளேஞ்சுல முட்டி நிக்கும். வெளிய இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. பூஸ்ட் எகிறும்போதுதான் தெரியும்.

பைப்பை பாடியோட எங்கேயும் கட்டாதீங்க. டர்போவுல மட்டும் தொங்கட்டும். இரண்டு கிலோவுக்குள்ள இருந்தா ஃப்ளேஞ்சே தாங்கும். பாடியோட கட்டினாத்தான் ஃப்ளெக்ஸ் பைப் வேணும். இங்க ஃப்ளெக்ஸ் போடுறது வெட்டிச் செலவு, வெடிக்கிறதுக்கு இன்னொரு இடமும் ஆயிடும்.

பானட்டுக்குக் கீழ ஒரு 50 மி.மீ.ல வி-பேண்டு ஜாயிண்ட் (கழட்டி மாட்டுற வளையக் கிளாம்ப்) வையுங்க. மேல நீட்டிக்கிட்டு நிக்குற துண்டு தனியா கழண்டு வரணும். சிட்டி பானட் முன்பக்கம் தாழ்ந்து சரியுது, கீல் கண்ணாடி ஓரத்துல மேல இருக்கு. அதனால தூக்கும்போது ஓட்டை நேரா மேல போகாது, முதல்ல சில மி.மீ. முன்னாடி நகர்ந்துதான் ஏறும். ஓட்டையோட பின் விளிம்பு பைப்புல இடிக்கும். நீட்டம் 40 மி.மீ.க்கு மேல போகப் போகத் தொல்லைதான்.

ஓட்டை குறிக்கிற வழி: பைப்பை பானட்டுக்கு 5 மி.மீ. கீழ நிக்குற மாதிரி நீளம் வச்சுக்கிட்டு, வாயைச் சுத்தி பட்டியை (putty) ஒரு இன்ச் உயரத்துக்குப் பூசுங்க. பானட்டை மெதுவா இறக்கி அமுக்கினா உள்தகட்டுல வட்டமா அச்சு விழும். அந்த வட்டத்தோட மையத்துல உள்ளேயிருந்து 3 மி.மீ. டிரில் போட்டு வெளிய வாங்க. வெளிய இருந்து டேப் வச்சு அளந்து போட்டா கட்டாயம் ஒரு பக்கம் தள்ளித்தான் விழும்.

ஓட்டை வட்டமா வேண்டாம், முன்பின்னா நீண்ட முட்டை வடிவம். ஆக்சிலேட்டர் அழுத்தும்போது இன்ஜினோட தலை ஃபயர்வால் பக்கம் சாயும். அதனால பைப்புக்குப் பின்னாடி 25 மி.மீ., முன்னாடி 20, பக்கவாட்டுல 15 இடைவெளி. மவுண்ட்டிங் ரப்பர் பழசா இருந்தா முதல்ல அதை மாத்துங்க, இந்தக் கணக்கெல்லாம் நல்ல மவுண்ட்டிங்குக்குத்தான். வெளித்தகட்டை விட உள்தகட்டை ஒரு விரல் அதிகமா வெட்டுங்க. உள்ள ஓடுற விலா எலும்பு குறுக்க வந்தா, அதை வெட்டாம பைப்பைத் திருப்புங்க. அதை வெட்டினா பானட் வேகத்துல படபடன்னு ஆடும். விளிம்புல ரப்பர் பீடிங் போடாதீங்க, உருகி வழியும். 1.2 மி.மீ. அலுமினியத் தகட்டுல வளையம் வெட்டி ரிவெட் அடிச்சா போதும். ஒரிஜினல் பானட்டை வெட்ட மனசு வராதவங்க சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில ஒரு பழைய பானட் பிடிச்சு அதுல வேலையைக் காட்டலாம். சிட்டி பானட் அங்க கிடைக்காத பொருள் இல்ல.

லாம்டா_0.8:

இரும்பு வேலையெல்லாம் மேலே சொல்லியாச்சு. டியூனிங் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

வைட்பேண்ட்தான் இதில் பெரிய சிக்கல். வழக்கமாக டர்போவிலிருந்து 450 மி.மீ.க்கு மேல் தள்ளி வைக்கச் சொல்வார்கள், அது சூட்டுக்காக. இன்னொரு பக்கம் பைப் வாயிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று வாய் வழியாக உள்ளே திரும்பி வரும். அதிலுள்ள ஆக்சிஜனை சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். உங்கள் 400 மி.மீ.யில் இரண்டையும் திருப்தி செய்ய முடியாது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்க வேண்டியது டர்போ தூரத்தைத்தான். எல்எஸ்யூ 4.9 தொடர்ச்சியாக 930 டிகிரி வரை தாங்கும் சென்சார். 0.8 பாரில், லாம்டா 0.80 பக்கம் (1-க்குக் கீழே என்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்) ஓடும் இந்த இன்ஜினில் டர்பைனைத் தாண்டிய பிறகு அந்தச் சூடு வராது. பெண்டு முடிந்து நேராகும் இடத்திலேயே, டர்போவிலிருந்து 120–150 மி.மீ.யில் எம்18×1.5 பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வையுங்கள். சென்சார் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், படுக்கைவாட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே. உங்கள் பைப் செங்குத்தாக நிற்பதால் பங்கை அந்தச் சாய்வில்தான் வெல்டு செய்ய வேண்டும், நேராக 90 டிகிரியில் குத்தினால் படுத்துவிடும். வேஸ்ட்கேட் காற்று நேராக மோதும் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ப்பக்கம். சூட்டுக்குப் பயந்து நீட்டுத்துண்டு போட்டு சென்சாரை வெளியே இழுக்காதீர்கள், ரீடிங் தாமதமாகும். டிராக் ஓட்டத்தில் அந்தத் தாமதம்தான் பிஸ்டனை வாங்கும்.

டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். அங்கே சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம். அழுத்தம் ஏறினால் இந்த சென்சார் ரிச்சை இன்னும் ரிச்சாகவும் லீனை இன்னும் லீனாகவும் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தால் இன்ஜின் நிஜத்தில் நீங்கள் நினைத்ததைவிட லீனாக ஓடும்.

இவ்வளவு செய்த பிறகும் ஐடிலிலும் லேசான த்ராட்டிலிலும் ரீடிங் பொய்தான் சொல்லும். ஐடிலில் 1.1, 1.2 என்று காட்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கருப்பாக இருக்கும். இசியூவில் குளோஸ்டு லூப் திருத்தத்தை (சென்சார் ரீடிங்கைப் பார்த்து இசியூ தானே பெட்ரோலை மாற்றுவதை) 2500 ஆர்பிஎம்முக்குக் கீழும், இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் 60 கிலோபாஸ்கலுக்குக் கீழும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் லீன் என்று நம்பி இசியூ பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், பிளக் நனைந்து ஸ்டார்ட்டிங் லைனில் நின்றுவிடும். பழைய பைப் இருக்கும்போதே ஐடில், லேசான லோடு பகுதிகளின் ஃபியூயல் மேப்பைச் சரி செய்து பூட்டிவிட்டுப் பிறகு பைப்பைக் கழற்றுவது நல்ல வழி. அந்தப் பகுதிக்கு இன்ஜின் குடிக்கும் காற்று பெரிதாக மாறாது.

பூஸ்ட் மேப் கட்டாயம் மாறும். டர்பைனைச் சுற்றுவது முன்பின் அழுத்த விகிதம். உதாரணத்துக்கு, டர்பைனுக்கு முன் 2.4 பார், பின் 1.3 பார் என்றால் விகிதம் 1.85 (இரண்டும் முழு அழுத்தக் கணக்கில்). பின்பக்கம் 1.03 ஆக இறங்கினால் அதே 2.4-க்கு 2.33. டர்போ சீக்கிரம் எழும். அதே டியூட்டியில் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வுக்கு இசியூ கொடுக்கும் சதவீதம்) பூஸ்ட் அதிகம் வரும். அதை அடக்க வேஸ்ட்கேட் முன்பைவிட அதிக வாயுவைத் தள்ள வேண்டும், உள் வேஸ்ட்கேட் திணறுவது அங்கேதான். சோலினாய்டைக் கழற்றிவிட்டு வெறும் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கில் முதல் ஓட்டம். மூன்றாம் கியரில் பூஸ்ட் 0.8-ல் நிற்காமல் ஆர்பிஎம் ஏற ஏறத் தானும் ஏறினால் அது கிரீப். டியூட்டியைக் குறைத்துத் தீராது, வேஸ்ட்கேட் துளையை அரைத்துப் பெரிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளி வேஸ்ட்கேட். இசியூவில் ஓவர்பூஸ்ட் கட் 1.0 பாரில் இருக்கட்டும்.

பவர் எவ்வளவு கூடும் என்று யாரும் கேட்கவில்லை, நல்லது. ஒழுங்கான 3 இன்ச் முழு லைனோடு ஒப்பிட்டால் இந்த அளவு டர்போவில் வித்தியாசம் பெரிதல்ல. உங்களுக்கு லாபம் எடை குறைவதும், ஃபேனுக்கு இடம் கிடைப்பதும்தான்.

ஓரமா_நிக்கிறவன்:

நான் இதுக்கு எதிர்க்கட்சி. காரணம் புகை.

ஃபுல் த்ராட்டில்ல லாம்டா 0.80-ல ஓடுற இன்ஜின் விடுற வாயுவுல கார்பன் மோனாக்சைடு 5 சதவீதத்தைத் தாண்டும். கேட்டலிஸ்ட் கிடையாது. அந்த வாயு பானட்டைத் தடவிக்கிட்டே கண்ணாடி அடிவாரத்துக்குப் போகுது. ஓடும்போது காத்தழுத்தம் அதிகமா இருக்குற இடம் அதுதான், கார் கம்பெனி கேபினுக்குக் காத்து எடுக்குற ஜன்னலை அங்க வச்சிருக்கிறதும் அதுக்காகத்தான். ஏசி பட்டனை ரீசர்க்குலேஷன்ல போட்டா போதும்னு நினைக்காதீங்க, அந்தக் கதவு முழுசா அடைக்காது. கவுல் பிளாஸ்டிக்கை (கண்ணாடி அடியில இருக்குற மூடி) கழட்டி, காத்து உள்ள போற வாயை அலுமினியத் தகடும் சீலன்ட்டும் வச்சு மூடுங்க. ஃபயர்வால்ல ஒயரிங், கேபிள் போற ஓட்டைகளில ரப்பர் போயிருந்தா அதையும் பாருங்க. பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு டாஷ்போர்டுல இருக்கட்டும். ஓட்டத்தை விட ஆபத்து லைன்ல நின்னு காத்திருக்கும்போதுதான். காத்து எதிர்ப்பக்கம் இருந்து அடிச்சா எல்லாம் உங்க முகத்துக்குத்தான் வரும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க.

நம்ம ஊர்ல ஸ்டீயரிங் வலப்பக்கம். பைப் வாயை இடப்பக்கம் சாய்ச்சு விடுங்க. கண்ணாடியில கரி படியும், டூ-ஸ்டெப் (ஸ்டார்ட்டிங் லைன்ல ஆர்பிஎம்மைப் பிடிச்சு வைக்கிற செட்டிங்) போட்டா நெருப்பும் வரும், ராத்திரி ஓட்டத்துல கண்ணு ஒரு நொடி கூசும். வாய் முன்பக்கம் பார்த்தா எதிர்க்காத்து வாயுவைத் தள்ளித் தடுக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கணக்குப் போட்டா 160 கி.மீ. வேகத்துல கூட அந்த அழுத்தம் 0.012 பார்தான், டர்போ அதைக் கண்டுக்காது. முன்பக்கம் வைக்கக்கூடாதுன்னா அது மழைக்காகவும் பூச்சிக்காகவும்தான்.

ரோட்டுல இறங்காதுன்னு எழுதியிருக்கீங்க, சரி. இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: மோட்டார் வாகன விதி 112-படி கார் எக்ஸாஸ்ட் பின்னாடியோ வலப்பக்கமோதான் வெளியேறணும். சட்டத்தோட 182ஏ பிரிவுல அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாசம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சத்தத்துக்கும் புகைக்கும் தனியா இருக்கு. பானட்டுல பைப் நீட்டிக்கிட்டு முதல் சிக்னலைத் தாண்ட முடியாது.

என்னைக் கேட்டா முன் பம்பரோட இடது மூலை வழியா விடுங்க. ஃபேனுக்கும் இடம் கிடைக்கும், பைப் 700–800 மி.மீ. வர்றதால வைட்பேண்ட் பிரச்சினையும் பாதி தீரும், பானட்டும் பிழைக்கும்.

விடெக்2001:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பம்பர் மூலையில இன்டர்கூலர் பைப்பும் ஏர் ஃபில்டரும் இருக்கு, அதனால பானட்தான். பைப்பைச் சுத்தி ஹீட் ராப் கட்டலாமா? வேஸ்ட்கேட் ஃபிளாப் முட்டுதான்னு வண்டியை ஓட்டாம பார்க்க வழி இருக்கா? மழை பத்தி யாரும் சொல்லலையே.

ஆர்கான்_பட்டறை:

ஃபிளாப் சோதனை சுலபம். ஃப்ளேஞ்சை கேஸ்கட்டோட டர்போவுல மாட்டுங்க, பைப்பை வெல்டு பண்றதுக்கு முன்னாடியே. கம்ப்ரசர் காத்தை ரெகுலேட்டர் வச்சு 0.5 பார்ல இருந்து மெதுவா ஆக்சுவேட்டர் நிப்பிளுக்குக் கொடுங்க. 0.8 பக்கம் ராடு நகர ஆரம்பிக்கணும். 1.2 வரை ஏத்திக்கிட்டே டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. ராடு இன்னும் நகர இடம் இருக்கும்போதே ஃபிளாப் நின்னுடுச்சுன்னா ஃப்ளேஞ்சுல முட்டுதுன்னு அர்த்தம். முட்டுற இடத்துல பளபளன்னு கீறல் இருக்கும், அந்த இடத்தை அரைச்சு விடுங்க. 1.5-க்கு மேல காத்து கொடுத்தா ஆக்சுவேட்டருக்குள்ள இருக்குற டயாஃப்ரம் கிழியலாம்.

ராப் கட்டலாம், ஆனா வெல்டு ஜாயிண்ட்டும் வி-பேண்டும் வெளியில தெரியட்டும். ராப்புக்குள்ள மறைஞ்ச விரிசல் பைப் ஒடியும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். 3 இன்ச் பைப்போட சுற்றளவு 240 மி.மீ. 50 மி.மீ. அகல ராப்பை 12 மி.மீ. மேல ஏத்திக் கட்டினா 400 மி.மீ. பைப்புக்கு இரண்டரை மீட்டர், முனைக்குச் சேர்த்து மூணு வாங்குங்க. எஸ்.எஸ். டைதான், கட்டுக்கம்பி வேண்டாம். ராப்பை விட பானட்டோட உள்பக்கத்துக்குத் தகடு முக்கியம்: ஓட்டையைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்கு அலுமினிய ஷீல்டு, பானட்டுக்கும் அதுக்கும் 8–10 மி.மீ. இடைவெளி விட்டு. ஒட்டி அடிச்சா அது ஷீல்டே இல்ல, பெயின்ட் கொப்பளிச்சு வரும். பக்கத்துல போற டர்போ ஆயில் லைனுக்கு பிரெய்டட் ஹோஸ்தான். ரப்பர் ஹோஸும் கிளிப்பும் போட்டு ஒரு சொட்டு இந்தப் பைப்புல விழுந்தா பத்திக்கும்.

லாம்டா_0.8:

மழைக்கு ஒரு கணக்கு. 3 இன்ச் வாயின் பரப்பு சுமார் 45 சதுர செ.மீ. 50 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 230 மி.லி. தண்ணீர் நேராக உள்ளே. உங்கள் டர்போ டாப் மவுண்ட், அதாவது எக்ஸாஸ்ட் போர்ட்டைவிட உயரத்தில் இருக்கிறது. டர்பைன் வழியாக மேனிஃபோல்டில் இறங்கி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போகும். ஒரு சிலிண்டரின் எரிப்பறை 50 சி.சி.க்கும் குறைவு. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் ஃபியூசைப் பிடுங்கிவிட்டு முதலில் கையால் இரண்டு சுற்று, பிறகு செல்ஃபில் பத்து நொடி. உள்ளே போன தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சி வெளியே வந்துவிடும். இன்ஜின் ஆயிலையும் பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

வாய்க்கு ஒரு மூடி கடைந்து வாங்குங்கள், லேத்தில் அரை மணி நேர வேலை. அலுமினியம், பைப்புக்கு வெளியே 30 மி.மீ. இறங்கி உட்காரும் தொப்பி மாதிரி. உள்ளே செருகும் அடைப்பு வேண்டாம், அதன் விளிம்பில் தண்ணீர் தேங்கி உள்ளேதான் இறங்கும். ட்ரெய்லரில் போகும்போதும் இது இருந்தாக வேண்டும். திறந்த வண்டியில் மணிக்கு 80-ல் இழுத்துக்கொண்டு போனால் வாய் வழியாகக் காற்று புகுந்து டர்பைனைச் சுழற்றும். இன்ஜின் ஓடாததால் ஆயில் அழுத்தம் இருக்காது, ரேஸ் நடக்கும் இடம் போய்ச் சேர்வதற்குள் டர்போ பேரிங் உலர்ந்து ஓடியிருக்கும். இன்டேக் பக்கம் ஃபில்டர் இருந்தாலும் அதையும் ஒரு பாலித்தீன் பை போட்டுக் கட்டுங்கள்.

மூடியோடு ஸ்டார்ட் செய்துவிடுவதுதான் அடுத்த விபத்து. மூடியில் ஒரு முழ நீளச் சிவப்பு ரிப்பனைக் கட்டி, மறுமுனையைச் சாவி வளையத்தில் மாட்டிவிடுங்கள்.